காட்சி அமர்க்களம், புத்தகத்தைத்தான் யாரும் தொடவில்லை

ஐந்தாம்பீரியட் (தொடக்கப் பதிவு)

எங்கள் பள்ளியில் வாசிப்பு மன்றம் என் பொறுப்பு. நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை 26 பிள்ளைகள். போன பருவத்தில் ‘எனக்குப் பிடித்த புத்தகம்’ என்று ஒரு காட்சி வைத்தோம். ஆளுக்கொரு புத்தகம், அதைப் பற்றி எது வேண்டுமானாலும் செய்துகொண்டு வரலாம். நான் சொன்னது அவ்வளவுதான். வந்து இறங்கியதைப் பார்த்து அசந்துவிட்டேன். தெர்மகோல் கோட்டை, அதற்குள் குட்டி பல்புகள், ஜிகினா ஒட்டிய டிராகன், அச்சடித்ததுபோல வெட்டிய எழுத்துகள். பார்த்தவர்கள் ஆகா ஓகோ என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோட்டை கொண்டுவந்த பெண்ணிடம், “இந்தக் கோபுரத்தில் யாரம்மா இருக்கிறார்கள்?” என்று கேட்டேன். “தெரியாது மிஸ், அது அப்பா வைத்தது” என்றாள். சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

சரி, அதுகூடப் போகட்டும். இரண்டு வாரம் கழித்து நூலகப் பதிவேட்டைப் புரட்டினேன். மேசையில் வைத்திருந்த 26 புத்தகங்களில் வெளியே போயிருந்தவை மூன்று. மூன்றே மூன்று! அதில் ஒன்று, இருப்பதிலேயே சுமாரான காட்சிக்கு உரியது. ஒரு பையன் பழைய ஷூ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தொப்பி, பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, “தொப்பி என்று நினைத்தால் உள்ளே பார்” என்று கோணல்மாணலாக ஒரு வரி. உள்ளே களிமண் யானை. அந்த ஓட்டையில் கண் வைக்க வரிசை நின்றது. ‘குட்டி இளவரசன்’ படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். கதை சொல்பவர் ஆறு வயதில், யானையை விழுங்கிய மலைப்பாம்பை வரைந்து பெரியவர்களிடம் காட்டுவார். எல்லாரும் தொப்பி என்பார்கள். இந்தப் பையன் எங்களையெல்லாம் அந்தப் பெரியவர்களாக்கிவிட்டான். பிள்ளைகள் மட்டும் உள்ளே பார்த்தார்கள்.

அடுத்த காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எதை மாற்றலாம்? பட்டு அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

அட்டைக்கத்தரி

டீச்சர், அந்தக் கோட்டை அப்பா நான் இல்லை. ஆனால் நானாகவே இருந்திருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் நான்காவது படிக்கும்போது ‘சார்லட்ஸ் வெப்’ எடுத்திருந்தாள். 1952இல் வந்த புத்தகம், இன்னும் பிள்ளைகள் அழுதுகொண்டே படிக்கிறார்கள். பன்றிக்குட்டியைக் கசாப்பிலிருந்து காப்பாற்ற ஒரு சிலந்தி தன் வலையில் சொற்களை நெய்யும். அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. எனக்கு அதைக் கேட்க நேரமில்லை. இரவு பதினொரு மணி, மறுநாள் காட்சி. கம்பளி நூலில் நானே வலை பின்னினேன். முதலில் நடுவிலிருந்து ஆரங்கள், பிறகு சுருள், நிஜச் சிலந்தி கட்டுகிற அதே வரிசை. நடுவில் கறுப்புப் பந்தில் சிலந்தி. பிரமாதமாக வந்தது. “அப்பா, காலு...” என்றாள். “பேசாமல் போய்ப் படு” என்றேன்.

ஆறு கால் வைத்திருக்கிறேன். மறுநாள் அறிவியல் டீச்சர் எல்லார் முன்னாலும் அவளைத்தான் கேட்டிருக்கிறார், சிலந்திக்கு எத்தனை கால் என்று. வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. “எட்டுன்னு எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய யோசனை என்ன என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன். கதையில் ஓர் எலி இருக்கிறது, குப்பையிலிருந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கி வந்து சிலந்திக்குச் சொல் தேடிக் கொடுக்கும். அது கொண்டுவருவதில் பல உதவாது. ‘மொறுமொறு’ என்று ஒரு சொல்லைக் கொண்டுவரும், பன்றியைப் பற்றி அதை எழுதினால் என்ன ஆகும்! சிலந்தி வேண்டாம் என்றுவிடும். மகள் நினைத்தது இதுதான்: வெறும் வலை, கீழே எலியின் குப்பைக்குவியல், அதில் நூறு துண்டுக் காகிதம், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். வருகிறவர்கள் ஒன்றைப் பொறுக்கி வலையில் மாட்ட வேண்டும். மாட்டும்போது பன்றி பிழைக்குமா சாகுமா என்று யோசிக்க வேண்டும்.

இதைவிட நல்ல யோசனையை நான் இன்றுவரை கேட்டதில்லை. அதை நான் கம்பளி நூலால் மூடிவிட்டேன்.

நூலகமூலை

பதினெட்டு வருடமாகப் பள்ளி நூலகத்தில் இருக்கிறேன். என் வழக்கத்தைச் சொல்கிறேன், ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எல்லாம் மன்ற நேரத்தில், மன்றத்தின் அறையில்தான். நான்கு அமர்வு போதும். ஒரு கூடையில் பழைய அட்டைப்பெட்டி, நூல், துணித்துண்டு, மழுங்கல் கத்தரி. வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது என்றால் பெற்றோருக்கே பாதி பாரம் குறையும். காட்சி கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். அதற்கு நீங்கள் மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள், மேலிடத்தையும் முன்னாடியே தயார்படுத்திவிடுங்கள்.

முதல் அமர்வில் கத்தரியையே தொடவிடமாட்டேன். “இந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் நீ நிறுத்தினாய்?” என்று மட்டும் கேட்பேன். நிறுத்தியது என்றால், திரும்பப் படித்தது, சிரித்தது, பயந்து மூடியது, எதுவானாலும் சரி. அந்த ஓர் இடத்தைத்தான் செய்ய வேண்டும். முழுக்கதையையும் சார்ட்டில் எழுதி ஒட்டினால், படிக்கிறவருக்குப் புத்தகத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

அப்புறம் உயரம். நாம் நம் கண்ணுக்கு நேராக மாட்டிவிடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 115 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். ஒரு தடவை முட்டிபோட்டு உங்கள் காட்சியைப் பாருங்கள், மேசை விளிம்பு மட்டும்தான் தெரியும்.

டீச்சர், ஒரு கேள்வி. போன தடவை புத்தகங்கள் எங்கே இருந்தன? காட்சிக்குப் பக்கத்திலேயா? எடுத்துப் புரட்டலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

ஐந்தாம்பீரியட்

மாட்டிக்கொண்டேன். புத்தகங்கள் பின்னால் ஸ்டாண்டில், பாலிதீன் உறை போட்டு, “தொடாதீர்கள்” என்ற சீட்டோடு இருந்தன. சீட்டை எழுதியது நான்தான். காட்சி கலைந்துவிடும் என்ற பயத்தில் மொத்த மேசைக்கும் எழுதினேன். ஷூ பெட்டிப் பையன் மட்டும் சீட்டைப் பிய்த்துவிட்டான் போலிருக்கிறது. இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.

வெறும்வாசகன்

நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்லட்டுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எதற்கு இந்த வெட்டி ஒட்டுகிற வேலையெல்லாம்? புத்தகம் படித்தால் போதாதா? நான் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பையன், ஒரு வட்டம்கூட ஒழுங்காக வராது. எனக்குப் பிடித்த புத்தகத்துக்குப் படம் வரைந்து போனேன். நாய் என்று நான் வரைந்ததை மேசை என்று நினைத்தார்கள். அந்தப் புத்தகத்தை அப்புறம் தொடவே இல்லை. வாசிப்பு மன்றம் என்று பெயர் வைத்துக் கைவேலைக்குப் பாராட்டுவது, வரையத் தெரியாத பிள்ளையை மட்டும் குட்டுவதுதானே? பிடித்த பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். செலவும் இல்லை, பசையும் இல்லை.

அட்டைக்கத்தரி

நாய் மேசையானதற்கு வருந்துகிறேன் சார், ஆனால் சிரித்துவிட்டேன்.

நூலகமூலை

வெறும்வாசகன், உங்கள் கோபம் நியாயம்தான். உரக்க வாசிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் காட்சி என்றாலே படம் என்று ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்?

‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 1963இல் வந்தது, மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்தது. முதல் பக்கத்தில் படம் சின்னது, சுற்றிலும் நிறைய வெள்ளை. பையனின் கோபம் வளர வளரப் படமும் பக்கத்துக்குப் பக்கம் பெருத்து, வெள்ளையைத் தின்றுகொண்டே போகும். நடுவில் மூன்று விரிப்புகள் முழுக்கப் படம்தான், ஒரு சொல்கூட இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது படமே இல்லை, சில சொற்கள் மட்டும்.

எங்கள் மன்றத்தில் ஒரு பெண் இதைக் கண்டுபிடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவளுக்கும் வரைய வராது. ஒரு நீளமான தாளை விசிறி மடிப்பாக மடித்தாள். ஒவ்வொரு மடிப்பிலும் நீலத்தாளில் வெட்டிய ஒரு செவ்வகம். முதலாவது தீப்பெட்டி அளவு, அடுத்தது கொஞ்சம் பெரிது, நடுவில் மூன்று மடிப்பு முழுக்க நீலம், அப்புறம் வெறும் தாள். பூதமும் இல்லை, பையனும் இல்லை. கீழே ஒரு வரி: “ஏன் இப்படி என்று புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.” அந்த வாரம் அந்தப் புத்தகம் அலமாரியில் தங்கவே இல்லை.

இன்னொன்று. செண்டாக் முதலில் அதைக் குதிரைகளைப் பற்றித்தான் செய்வதாக இருந்தார். குதிரை வரைய வரவில்லை, பூதத்துக்கு மாறினார். உங்கள் நாய்க்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

வெறும்வாசகன்

குதிரைக் கதை தெரியாது. சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். மற்ற பாதி: பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். முதல் பரிசு என்று ஒன்று இருக்கிறவரை அப்பாக்கள் கம்பளி நூலோடு விழித்திருப்பார்கள்.

ஐந்தாம்பீரியட்

பரிசை நிறுத்துவது என் கையில் இல்லை. கேட்டுப் பார்க்கிறேன். எல்லாருக்கும் சான்றிதழ் என்று மாற்ற முடியலாம்.

பைண்டிங்காரர்

நான் ஆசிரியர் இல்லை, புத்தகம் கட்டுகிறவன். வேறு எதையோ தேடி வந்தேன், இழையை முழுக்கப் படித்துவிட்டேன். தொழில் விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், யாரும் இதை எழுதவில்லை.

பிள்ளைகளின் அட்டை இரண்டே நாளில் படகு மாதிரி வளைந்துவிடும், கவனித்திருப்பீர்கள். வெள்ளைப் பசையில் இருப்பது தண்ணீர். தாள் தண்ணீரைக் குடித்து விரியும், அந்த நிலையில் அட்டையில் ஒட்டுகிறீர்கள். காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வளையாமல் என்ன செய்யும்? அட்டையின் பின்பக்கமும் அதே மாதிரி ஒரு தாளை ஒட்டுங்கள், இரண்டும் எதிரெதிராக இழுத்து நேராக நிற்கும். ஒட்டியவுடன் மேலே கனமான அகராதி ஏதாவது வைத்து இரவு முழுக்க விடுங்கள். பசையை விரலால் அப்பாமல் பழைய அட்டைத் துண்டால் மெல்லிசாக இழுக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைக்குக் குச்சிப் பசையே போதும், ஈரம் குறைவு. வெயில் விழும் ஜன்னலோரம் காட்சி வைக்காதீர்கள், கலர் பேப்பர் சீக்கிரம் வெளுத்துவிடும்.

புத்தகம் கட்டுகிறவனாக எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’, 1969. புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகும். தின்ற இடத்தில் பக்கத்திலேயே ஓட்டை இருக்கும், பக்கங்களும் ஒரே அகலம் இல்லை. அவர் காகிதத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை அது. முதலில் புத்தகப்புழு என்றுதான் நினைத்தாராம், கம்பளிப்பூச்சி ஆக்கலாம் என்றவர் பதிப்பாசிரியர். அத்தனை ஓட்டையையும் கட்டுப்படியாகும் செலவில் போட அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு இது புல்லரிக்கிற விஷயம். இதைக் காட்சியாக்க வேண்டுமென்றால் பொம்மைப் புழு செய்யாதீர்கள், துளைக்கருவியைக் கையில் கொடுங்கள். அவருடைய படங்களெல்லாம் மெல்லிய தாளில் முதலில் வண்ணம் பூசி, காயவிட்டு, அப்புறம் வெட்டி ஒட்டியவை. வரையவே தெரியாத பிள்ளையும் செய்யலாம்.

அறிவியல்அறை

அந்தப் புத்தகத்தில் ஒரு பிழை இருக்கிறதே. கடைசியில் புழு கூடு கட்டி, அதிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வருகிறது. நிஜத்தில் வண்ணத்துப்பூச்சியின் புழு பொதுவாகத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டாது, கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். காட்சியில் அதைத் திருத்தி எழுத வேண்டாமா?

பைண்டிங்காரர்

எழுதிய கார்லுக்கே அது தெரிந்திருந்தது. சின்ன வயதில் அவருடைய அப்பா “கூட்டை விட்டு வெளியே வா” என்று சொல்வாராம், அந்தச் சொல்லை விட மனசு வரவில்லை.

நூலகமூலை

திருத்த வேண்டாம், கேள்வியாக வையுங்கள். “இதில் ஓர் இடம் நிஜத்தில் இப்படி நடக்காது, எது?” என்று ஒரு சீட்டு. பிழை கண்டுபிடிக்க என்றால் பிள்ளைகள் அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார்கள்.

கடைசிபெஞ்ச்மிஸ்

எனக்கு வேறொரு தலைவலி. பாதிப் பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து புத்தகம் படித்ததாகச் சொல்கிறார்கள். போன வருடம் ஒருத்தி ஓஸ் மந்திரவாதி கதைக்குச் சிவப்பு ஜிகினாவில் செருப்பு செய்து வந்தாள். அழகோ அழகு. ஆனால் 1900இல் வந்த புத்தகத்தில் டாரத்தியின் செருப்பு வெள்ளி. சிவப்பானது 1939 படத்தில்தான், கலர்த் திரையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று மாற்றினார்கள். “நீ படிக்கவே இல்லையே” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முகம் செத்துப்போய்விட்டது. இன்றுவரை மன்றத்துக்கு வருவதில்லை.

அதைத் திரும்பச் செய்வதானால் பக்கத்தில் ஒரு வெள்ளிச் செருப்பையும் செய்யச் சொல்லியிருப்பேன். “புத்தகத்தில் இருப்பது எது?” என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு சீட்டு. அவளே முதல் ஆளாகத் தேடிப் பார்த்திருப்பாள்.

அட்டைக்கத்தரி

மிஸ், ஆறு கால் சிலந்தியின் சார்பாக எழுதுகிறேன். கூப்பிட்டுப் பேசுங்கள், வருவாள்.

பஞ்சதந்திரி

தாமதமாக வந்தேன். எங்கள் ஆறாம் வகுப்பு செய்தது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பஞ்சதந்திரத்தில் கதைக்குள் கதை, அந்தக் கதைக்குள் இன்னொரு விலங்கு எழுந்து வேறொரு கதை சொல்லும். நானே பல சமயம் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று தொலைந்துபோவேன். பிள்ளைகள் ஐந்து அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தார்கள். வெளிப்பெட்டியில் விஷ்ணுசர்மாவும் மூன்று இளவரசர்களும். திறந்தால் சிங்கமும் எருதும். அதைத் திறந்தால் நரி பேச ஆரம்பிக்கும். கடைசிக் குட்டிப் பெட்டிக்குள் “இப்போது வெளியே போகும் வழி தெரியுமா?” என்று ஒரு துண்டுத்தாள். ஒவ்வொரு பெட்டி மூடியிலும் புத்தகத்தின் பக்க எண். படம் ஒன்றுகூட நன்றாக இல்லை, எருது நிஜமாகவே நாற்காலி மாதிரிதான் இருந்தது.

வெறும்வாசகன்

எருது நாற்காலி, என் நாய் மேசை. சேர்த்து வைத்தால் ஒரு சாப்பாட்டு அறை.

ஐந்தாம்பீரியட் (இரண்டு மாதம் கழித்து)

வாக்குக் கொடுத்தபடி வந்து சொல்கிறேன். நேற்று காட்சி முடிந்தது.

எல்லாம் பள்ளியிலேயே செய்தோம். நான்கு அமர்வு போதவில்லை, ஆறு ஆனது. பரிசு நிற்கவில்லை, கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள். இரண்டு பெற்றோர் “நாங்கள் உதவக் கூடாதா?” என்று வருத்தப்பட்டார்கள். அவர்களைப் பின்தாள் ஒட்டுகிற வேலைக்கு வைத்துக்கொண்டேன். பைண்டிங்காரர் ஐயா, ஓர் அட்டைகூட வளையவில்லை, நன்றி.

மூன்று நான்கு காட்சிகள் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் கடைசிவரை எதுவும் செய்யாமல் புத்தகத்தைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனை அப்படியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, “இவனைக் கேள்” என்று சீட்டு மாட்டிவிட்டேன். நன்றாகவே பேசினான்.

எலியின் குப்பைக்குவியலை உங்கள் மகளின் பெயரில் செய்தோம், அட்டைக்கத்தரி சார். ‘மொறுமொறு’வைத்தான் முதலில் வலையில் மாட்டினார்கள், கூட்டமே சிரித்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். பன்றியை யாரும் சாப்பிடக் கூடாதாம். ஒரு நாளைக்குள் எண்பது துண்டு காலி, திரும்ப எழுத வேண்டியிருந்தது.

“தொடாதீர்கள்” சீட்டு இல்லை. பெட்டி இரண்டு கிழிந்தது. பதிவேட்டில் இதுவரை 14 புத்தகங்கள் வெளியே போயிருக்கின்றன.

கோட்டைப் பெண் இந்தத் தடவையும் அதே கதையைத்தான் எடுத்தாள். பழைய அட்டையில் ஒரே ஒரு கோபுரம், சாய்ந்து நின்றது. ஒரு ஜன்னல், அதையும் ஒட்டி மூடிவிட்டாள். கீழே: “உள்ளே யார் என்று எனக்குத் தெரியும்.”

அட்டைக்கத்தரி

மகளிடம் படித்துக் காட்டினேன். இரண்டாம் வகுப்புப் பெண் செய்ததுதான் சரி என்கிறாள். அப்புறம், கோபுரத்துக்குள் யார் டீச்சர்?

ஐந்தாம்பீரியட்

என்னிடமே சொல்ல மறுத்துவிட்டாள். புத்தகம் வேறு வெளியே போயிருக்கிறது, செவ்வாய்க்கிழமைதான் திரும்ப வரும்.